சுட்ட விரலும் பதின்மூன்று இலைகளும்

என் வீட்டுக்காரர் தீர்மானம் போடும்போது எழுந்து நின்றுதான் போடுவார். உட்கார்ந்தபடி சொன்னவற்றில் ஒன்றிரண்டை நிறைவேற்றியிருக்கிறார். நின்றபடி சொன்னது எதுவும் இதுவரை நடந்ததில்லை. அன்று நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் என் பொறுப்பு. நீ அடுப்படிப் பக்கமே எட்டிப் பாக்கக்கூடாது."

"எந்த ஞாயிறு?"

"எல்லா ஞாயிறும்."

"இதை யார் கேட்டுக்கிட்டிருக்காங்க?"

மேசைமேல் இருந்த கைபேசி பதில் சொன்னது. "நான்தாம்மா!" என் நாத்தனார். அவருடைய அக்கா. கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத்தான் தீர்மானத்தையே தொடங்கியிருக்கிறார். "என் தம்பிக்கு எவ்வளவு நல்ல மனசு பாத்தியா? தம்பி, இந்த ஞாயிறு பழகிக்கோ. அடுத்த ஞாயிறு மத்தியானம் நானும் அத்தானும் வர்றோம். உன் கையாலதான் சாப்பிடணும்."

கைத்தட்டலுக்குப் பேசப்போய்த் தேதி கொடுக்கவேண்டியதாகிவிட்டது அவருக்கு. எனக்கோ அந்தத் தேதி பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அந்த ஞாயிறுதான் என்னோடு கான்வென்ட்டில் படித்தவர்கள் கூடும் நாள். மாதம் ஒருமுறை எங்காவது கூடிச் சாப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு வருடமாக என்னையும் கூப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் யாருக்காவது சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் உட்காருவதற்குள் நான் வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவருடைய உத்தியோகத்தையும் சொல்லிவிட வேண்டும். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. வாசலில் ஒரு பலகை உண்டு. 'விபத்து நடக்காத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண். தினமும் காலையில் தன் கையாலேயே எண்ணை மாற்றுவார். அப்போது அறுநூற்றுப் பதினொன்று. அறுநூற்றுப் பதினொரு நாளாக அங்கே யாருக்கும் அடியே படவில்லையா என்று கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"அடி படும். ஆனா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். வீட்டுக்குப் போனாத்தான் அது விபத்து. நாற்காலில உக்கார வச்சு இலகு வேலை குடுத்துடுவேன். கை போனா கால் இருக்கு, கால் போனா கண் இருக்கு. மனுஷன் உடம்புல எப்பவும் ஒரு உறுப்பு சும்மாத்தான் இருக்கும்!"

இந்தத் தத்துவத்தைச் சாப்பாட்டு மேசையில் நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டது வீண் போகவில்லை.

பழகிக்கொள்ளும் ஞாயிறு வந்தது. ஏப்ரன் கட்டி, மேசையில் கடிகாரம் வைத்து, உருளைக்கிழங்கை வேகப்போட்டார். நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் ஒரு அலறல். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

நெருப்பு பட்டுச் சூடேறியிருந்த பாத்திர மூடியின் பிடியை வெறும் விரலால் தூக்கியிருக்கிறார். துணி, கை எட்டும் தூரத்தில் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆயிரம் பேருக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்த மனிதர், வலது ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடித்தபடி குளியலறைக்குப் பற்பசை தேடி ஓடினார்.

அலறல் கேட்டு மேல்வீட்டு நர்ஸ் அக்கா இறங்கி வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பேச்சை வீணாக்க மாட்டார்.

"பற்பசையைக் கீழ வைங்க. குழாயைத் திறந்து விரலைக் காட்டுங்க. இருபது நிமிஷம்."

"இருபதா? ஐஸ் வச்சா சீக்கிரம் ஆயிடுமே?"

"ஐஸ் வேணாம்."

"வெண்ணெய்?"

"அது ரொட்டிக்கு."

இருபது நிமிடமும் நின்றார். நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஆச்சு என்றார். துடைத்துப் பார்த்தால் பட்டாணி அளவு சிவப்பு. கொப்புளம் இல்லை, தோல் கிழியவில்லை. "இதுக்கா அந்தச் சத்தம்?" என்று அக்கா கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை.

எங்கள் பால்கனியில் ஒரு சோற்றுக்கற்றாழைத் தொட்டி உண்டு. நர்ஸ் அக்கா கொடுத்த கன்றுதான். இப்போது குண்டுகுண்டாக இலை விட்டுத் தொட்டியை நிறைத்து நிற்கிறது. அக்கா அடியில் இருந்த ஒரு வெளி இலையை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி டம்ளரில் நிற்க வைத்தார்.

"மஞ்சளா ஒரு பால் வடியும். அது முழுக்க வடியட்டும், மேல பட்டா அரிக்கும். அப்புறம் கழுவி, தோலைச் சீவிட்டு, உள்ள கண்ணாடி மாதிரி இருக்கே, அதை மட்டும் பூசுங்க. தினம் ரெண்டு வேளை. மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில வைங்க. மூணு நாலு நாள்ல இருந்த இடம் தெரியாது. ஒரு வாரத்துல ஆறலேன்னா டாக்டர்கிட்ட காட்டணும்."

"அப்ப ஒரு வாரம் நான் அடுப்படிக்கு வரக்கூடாதுங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே."

"புரியுது, புரியுது" என்றார். அவருக்கு வேண்டியது புரிந்துவிட்டது.

திங்களும் செவ்வாயும் நானே பூசினேன். எரிச்சல் திங்கட்கிழமையே போய்விட்டது. புதன் காலையில் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்த விரல் சுட்டது என்று நானே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருந்தது.

"ஆறிடுச்சுங்க."

"மேலதான் ஆறியிருக்கு. உள்ள எரியுது."

"உள்ளன்னா?"

"உள்ளன்னா உள்ள. அது அனுபவிக்கறவனுக்குத்தான் தெரியும். இனிமே நீ சிரமப்படாத, நானே தினம் புதுசா இலை வெட்டிப் பூசிக்கறேன்."

அன்று சாயங்காலம் விரலில் ஒரு துணிக்கட்டு வந்தது. வியாழக்கிழமை கட்டு மணிக்கட்டு வரை வளர்ந்தது. காயம் சிறுக்கச் சிறுக்கக் கட்டு பெருப்பதை அந்த வாரம்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் என் துப்பட்டாவை மடித்துக் கழுத்தில் தூளி கட்டிக் கையை அதில் படுக்க வைத்துவிட்டார். தொழிற்சாலையில் கட்டே இல்லாமல்தான் இருந்தார் என்பது பேனா மை பட்ட அந்த விரல் நுனியில் தெரிந்தது.

எங்கள் கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் மணியடித்ததும் ஊசிகளை எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை ஒருவரும் எழக்கூடாது. யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எண்ணிக்கை குறைந்தால் எடுத்தவள் தானாக விழிப்பாள். நானும் புதன்கிழமை பால்கனியில் எண்ணினேன். பதின்மூன்று இலை. வியாழன், பதின்மூன்று. வெள்ளி, பதின்மூன்று. ஃப்ரிட்ஜில் இருந்த மிச்சத்தையும் நான் செவ்வாயன்றே தீர்த்துவிட்டேன். தினமும் புது இலை வெட்டுகிறாராம், செடிக்கு ஒரு கீறல் இல்லை.

இதை மூஞ்சிக்கு நேரே கேட்டிருக்கலாம். ஆனால் வெள்ளி ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை என்னால சமைக்க முடியாது போலிருக்கே. கையே எழும்பல."

"ஐயோ, என் ராஜா! நீ சும்மா உக்காரு. அதான் அவ இருக்காளே!"

அவ என்பது நான். அந்த இருக்காளேவுக்குள் என்னுடைய மத்தியானச் சாப்பாடு, பதினோரு சிநேகிதிகள், இருபத்திரண்டு வருடம் எல்லாம் முழுகிப்போயின. இலைக்கணக்கை அங்கே அவிழ்த்திருந்தால் சுட்ட கையோடு இருக்கிற புருஷனை வேவு பார்த்தவள் என்று எனக்குப் பட்டம் கிடைத்திருக்கும். சமையலும் என் தலையில்தான் விழுந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு அட்டையைத் தேடி எடுத்தேன்.

சனிக்கிழமை காலை அவர் எழுந்து வந்தபோது ஃப்ரிட்ஜ் கதவில் அது தொங்கியது. 'விபத்து நடக்காத நாட்கள்: 0.' கீழே, 'இலகு வேலைப் பட்டியல்.'

"என்ன இது?"

"உங்க முறைதான். கை போனா கால் இருக்கு, கால் போனா கண் இருக்கு. கை போயிடுச்சு, மத்ததைப் பாப்போம். உக்காருங்க."

"வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் வித்தியாசம் இல்லையா?"

"இருக்கு. இங்க சங்கம் கிடையாது."

முதலில் கண் வேலை. அடுப்பில் பால். பொங்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட வேண்டும். தீயைச் சிறிசாக வைத்திருந்தேன். நாற்பது நிமிடம் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கை வேலை, நாலு கிலோ அரிசியில் கல் பொறுக்குவது. அது முடிந்ததும் கால் வேலை. மொட்டை மாடிக்குப் போய்த் துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது.

"காஞ்சுடுச்சா?"

"இல்ல."

"கால் மணி கழிச்சு மறுபடி பாருங்க."

நாலு தடவை ஏறி இறங்கினார். ஐந்தாவது தடவை துணி காய்ந்திருந்தது. ஒற்றைக் கையால் எடுத்துவர இரண்டு நடை.

மத்தியானத்துக்கு மேல் காது வேலை. நாத்தனாரை நானே கூப்பிட்டேன். "அண்ணி, உங்க முழங்கால் வலியைப் பத்தி இவர் முழுசா கேக்கணும்கறார். ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க." அந்த வலி ஒன்பது வருட வலி. ஒரு மணி ஐம்பது நிமிடம் போயிற்று. நடுவில் அவர் கைபேசியை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினார். தூளியில் படுத்திருந்த கை தானாக எழுந்து வந்து வாங்கிக்கொண்டது. பார்த்துவிட்டுப் பார்க்காதவள் மாதிரி போனேன்.

சாயங்காலம் காலுறைகளுக்கு ஜோடி சேர்க்கும் வேலையில் உட்கார்த்தினேன். ஒரு கூடை. எட்டு வருடத்து அனாதைகள். மூன்றாவது ஜோடியிலேயே ஆள் உடைந்துவிட்டார்.

"ஏம்மா..."

"சொல்லுங்க."

"அந்தக் கற்றாழை இருக்கு பாரு, அது அற்புதம்மா. இன்னிக்குக் காலைல ஒரு தடவை பூசினேன். இப்ப பாரு!" தூளியை அவிழ்த்தார், கட்டைப் பிரித்தார், விரலை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "சுவடே இல்ல!"

"காலைல எந்த இலையை வெட்டினீங்க?"

"அது... ஓரத்துல ஒண்ணு."

"ஓ."

தொழிற்சாலையில் இலகு வேலையிலிருந்து திரும்புகிறவன் எழுதிக்கொடுக்க வேண்டுமே, அதே மாதிரி ஒரு தாளை நீட்டினேன். 'நான் முழுத் தகுதியோடு இருக்கிறேன். ஞாயிறு காலை முதல் வழக்கமான வேலையை ஏற்கிறேன்.' வலது கையால், பேனாவை ஆள்காட்டி விரலால் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். காலுறைக் கூடையை அந்தப் பக்கம் எடுத்து வைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. மை காய்வதற்குள் நான் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"அண்ணி, தம்பிக்கு ஆறிடுச்சு! நாளைக்கு அவரேதான் சமைக்கறார். எழுதியே குடுத்துட்டார்."

"என் ராஜா!" என்றது கைபேசி.

ஞாயிறு நான் போனேன். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ சமைத்ததை யாரோ என் தட்டில் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நடுவில் ஒருமுறை பழக்கதோஷத்தில் தட்டுகளை அடுக்க எழுந்தேன். நாலு பேர் சேர்ந்து பிடித்து உட்கார வைத்தார்கள்.

நாலரை மணிக்கு வீடு திரும்பினேன். விருந்தாளிகள் போயிருந்தார்கள். அடுப்படி பரவாயில்லை. 'உப்புதான் கம்மி, பாசம் நிறைய' என்று நாத்தனார் தீர்ப்பு எழுதி அனுப்பியிருந்தார். இவர் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கட்டைவிரலில் புதுக் கட்டு.

"அடடா! என்ன ஆச்சு?"

"குக்கர் ஆவி. லேசாத்தான். இருபது நிமிஷம் தண்ணில காட்டிட்டேன்." முனகலில் ஒரு நிதானம் இருந்தது. "ஆனா அடுத்த ஞாயிறு கொஞ்சம் கஷ்டம்தான் போலிருக்கு. இந்தத் தடவை கற்றாழையும் முறைப்படி வெட்டிப் போட்டிருக்கேன். வேணும்னா போய்ப் பாத்துக்கோ."

எந்த இலை என்று நான் கேட்ட கேள்வி ராத்திரி முழுக்க அவரைக் குடைந்திருக்கிறது. பால்கனிக்குப் போனேன். எண்ணினேன். பன்னிரண்டு. அடியில் வெட்டுக்காயம் பசுமையாக இருந்தது. கூடத்திலிருந்து அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணப் படத்தில்கூட அந்த வெளிச்சம் கிடையாது.

அடுப்படிக்குள் நுழைந்தேன். மேடைமேல் ஒரு தட்டு. மஞ்சள் பால் சுத்தமாக வடித்து, கழுவி, இரண்டு ஓரத்து முள்ளையும் நூல் பிடித்த மாதிரி சீவி, தோலை எங்கும் கிழியாமல் உரித்து, உள்ளே இருந்ததைச் சதுரம் சதுரமாக நறுக்கியிருந்தார். இருபத்து நாலு துண்டு. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை.

தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இந்த வழுக்கற சாமானையே கட்டுப் போட்ட கையால பிடிச்சு இவ்வளவு அழகா வெட்டியிருக்கீங்களே! அடுத்த ஞாயிறு காயெல்லாம் இதே அளவுல இருக்கட்டும்."