தனுஷ்கோடி போட்ட கோடு

சமைக்கத் தெரியாமலேயே அடுப்படி கட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வெந்நீர் வைக்கச் சொன்னால் தீப்பெட்டியைத் தேடுவார்கள். ஆனால் மேடை எத்தனை அடி, ஜன்னல் எந்தத் திசை, மிளகாய்த்தூள் டப்பா எந்தத் தட்டில் என்று கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, சொல்லுவார்கள்.

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் லோடு அனுப்பும் சூப்பர்வைசர் தனுஷ்கோடி இந்த இனத்தில் தலையாயவர். முதலாளி வீட்டுப் புதுமனை புகுவிழாவில் கறுப்புக் கிரானைட்டையும், அதில் தெரிந்த தன் முகத்தையும் பார்த்துவிட்டு வந்தவர், மறுவாரமே தன் வீட்டு அடுப்படியை இடித்தார்.

கொத்தனார் மொக்கைச்சாமி கேட்டார்: "மேடை எம்புட்டு ஒசரம்ணே? அக்காவ ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவமா?"

தனுஷ்கோடி ஆறடி ஆள். சுவரோரம் விறைப்பாக நின்று, தன் இடுப்புக்கு மேலே பென்சிலால் கோடு போட்டார். "இதான் அளவு. அவளுக்கு என்ன தெரியும்?"

அவளுக்கு, அதாவது மனைவி ஞானசுந்தரிக்கு, இருபது வருடமாக மூன்று வேளையும் சமைக்கத் தெரியும். அவ்வளவுதான்.

கட்டி முடித்த மேடை அவள் நெஞ்சுக்கு வந்தது. மணை போட்டு ஏறி நின்றாள்.

"எனக்கு எட்டலைங்க."

"பழகிரும்."

மூன்றாம் நாள் மணை சறுக்கி, கொதிக்கிற ரசம் முழங்கையில் கொட்டியது. அவளுக்கு மருந்து தடவிவிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "நல்ல மணையா ஒண்ணு வாங்கணும்."

 அவர் லோடோடு பெங்களூர் போன அன்றைக்கே ஞானசுந்தரி மொக்கைச்சாமியை வரச்சொன்னாள்.

"அண்ணன் வைவாரேக்கா?"

"நான் பேசிக்கிடுறேன். நீங்க இடிங்க."

நான்காம் நாள் திரும்பிய தனுஷ்கோடி மேடையைத் தடவிப் பார்த்தார். முக்கால் அடி இறங்கியிருந்தது.

"கொறச்சிட்டியா?"

"ஆமா. நீங்களா சமைக்கப் போறீக?"

அவள் முழங்கைப் புண்ணைப் பார்த்தார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். ஞானசுந்தரி இரண்டு காலையும் தரையில் ஊன்றி, நிம்மதியாகக் குழம்பைத் தாளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் சீனிவாசகம் வீடு பார்க்க வந்தார். தனுஷ்கோடி மேடையைத் தட்டிக் காட்டினார்: "சமைக்கிற ஆளுக்குத் தக்கன இருக்கணும் மாப்ள. பாத்துப் பாத்து முக்கால் அடி கொறச்சேன். ஒரு பயலுக்கும் இந்த நுணுக்கம் தெரியாது."

ஞானசுந்தரி அப்பளம் பொரிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? நல்லது. இப்போது எழுந்துபோய், உங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவரிடம், மேடை வசதியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அதைக் கட்டி எத்தனை வருடம் ஆயிற்று என்று அவர் திருப்பிக் கேட்டால், நான் பொறுப்பல்ல.