முன் என்றால் பின்

"முன்னுக்குத் திருப்பினா பின்னாடி சுத்துது. பின்னுக்குத் திருப்பினா முன்னாடி சுத்துது. தலைகீழா சுத்துதுடி!"

"சுத்துது இல்ல? அதுவே பெரிய விஷயம். போன மாசம் நீங்க கை வெச்ச ஃபேன் இன்னும் சுத்தலை."

ஸ்விட்ச்சின் கைப்பிடியை நடுவில் நிறுத்தினார் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். எவ்வளவு குறுகிய சந்தாக இருந்தாலும் ஒரே மூச்சில் பஸ்ஸைப் பின்னால் எடுத்துவிடுவார் என்று டிப்போவில் அவருக்குப் பெயர். அப்படிப்பட்டவருக்கு ஒரு லேத்தைப் பின்னால் சுற்ற வைப்பது ஒரு வேலையா?

இரும்பைக் கடையும் அந்த லேத் அவரைவிட வயதில் மூத்தது. வீட்டின் பக்கவாட்டு அறையில், கரையில் ஒதுங்கிய சின்னக் கப்பல் மாதிரி நின்றது. வாங்கும்போது ஒரு பக்கம்தான் சுற்றும். இரண்டு பக்கமும் சுற்ற வைக்கும் ஸ்விட்ச் ஒன்றை இன்று காலை மாட்டியிருந்தார். அதன் தகட்டில் சிவப்புப் பெயின்டால் இடப்பக்கம் 'முன்', வலப்பக்கம் 'பின்' என்று எழுதியும் வைத்துவிட்டார்.

"நாலு மணி வரைக்கும்தான்," என்றாள் மனைவி. "அதுக்குள்ள எழுதினபடி சுத்தலைன்னா எங்க அண்ணன் வண்டியோட வருவான். மெஷின் அவன் ஷெட்டுக்குப் போயிடும். சவால் விட்டது நீங்கதான்."

விட்டது உண்மை. அண்ணன்காரன் எலக்ட்ரீஷியன். 'மாப்பிள்ளைக்கு ஸ்டியரிங் தெரியும், ஒயர் தெரியாது' என்று நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டான்.

"பேசாம முன், பின்னை மாத்தி எழுதிடுங்களேன்."

"பஸ்ஸோட முன்பக்கம் பின்னுன்னு எழுதினா அது பின்னாடி போயிடுமா? ஸ்விட்ச்சுக்குள்ள ரெண்டு ஒயர் இடம் மாறியிருக்கு. ரெண்டு நிமிஷ வேலை."

சுவரில் இருந்த ஓட்டை வழியாக ஒரு குரல் வந்தது. "மாப்ளே, நான் ஏதாவது பண்ணட்டுமா?"

மாமனார். மோட்டார் சத்தம் தாங்கவில்லை என்று மனைவி சொன்னதால் மோட்டாரைப் பின்னறைக்குக் கடத்தி, சுவரில் ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பெல்ட்டை லேத்துக்கு இழுத்திருந்தார் டிரைவர். யார் துணியும் சிக்கக் கூடாதென்று இந்தப் பக்கம் தகர மூடியும் போட்டாயிற்று. மாவு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார், காது கொஞ்சம் மந்தமானவர், அந்த அறையில் மோட்டாருக்குத் துணையாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் மாமா! இது கரண்ட் சமாச்சாரம். தொட்டுடாதீங்க!"

"கரண்டைத் தொடவே மாட்டேன் மாப்ளே!"

டிரைவர் மெயினை அணைத்தார். பின்னறை பல்பும் அணைந்தது. ஸ்விட்ச்சைத் திறந்து இரண்டு ஒயர்களை இடம் மாற்றி முடுக்கினார். மெயினைப் போட்டார். 'முன்' பக்கம் பலமாகத் திருப்பினார்.

லேத் பின்னால் சுற்றியது.

பின்னால் மட்டும் சுற்றியிருந்தால் பரவாயில்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக், அந்தப் பழைய லேத்தில் வெறும் மரையில்தான் நிற்கும். முதல் தடவையே தளர்ந்திருந்தது போலும். இப்போது முழுசாகக் கழன்று, தடாலென்று தரையில் விழுந்து, வாசலைத் தாண்டி உருண்டு, வெளியே இருந்த பூந்தொட்டியில் போய் நின்றது. தொட்டி நிற்கவில்லை.

"என் ரோஜா!"

"தலைகீழாவே சுத்துதே!" என்று டிரைவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

மறுபடி மெயினை அணைத்தார். ஒயர்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. சக் இல்லாத வெறும் தண்டு, 'முன்' என்றால் பின்னால் சுற்றியது. திரும்பவும் அணைத்து, மொத்த ஒயரையும் உருவிப் போட்டு, ஸ்விட்ச்சோடு வந்த படத்தைப் பார்த்து, விரலால் ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்து, புதிதாக மாட்டினார். ஒரு திருகாணி எங்கோ போய்விட்டது. நாலாவது முறையும் தலைகீழ்தான். எப்படி மாட்டினாலும் ஒரே மாதிரி சுற்றுவதற்கு இது என்ன மெஷினா, மனைவியின் அண்ணனா?

"தலைகீழ்! தலைகீழ்! தலைகீழ்!"

மணி மூன்று ஐம்பது. மனைவி உடைந்த தொட்டியின் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். டிரைவர் மெயினை அணைத்தார். இந்த முறை ஒயரைத் தொடவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தார். பெயின்ட் டப்பாவை எடுத்தார். 'முன்' இருந்த இடத்தில் 'பின்'. 'பின்' இருந்த இடத்தில் 'முன்'. பெயின்ட் காயட்டும் என்று ஊதிவிட்டு மெயினைப் போட்டார்.

நாலு மணிக்கு வாசலில் வண்டி நின்றது. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். மனைவி மண் கையோடு வந்து நின்றாள்.

"நல்லா பார்த்துக்கோங்க," என்றார் டிரைவர். பஸ்ஸைக் கிளப்பும் அதே நிம்மதியோடு கைப்பிடியை ஈரம் காயாத 'முன்'னுக்குத் திருப்பினார்.

தண்டு பின்னால் சுற்றியது.

மச்சான் தகட்டைத் தொட்டான். விரலில் சிவப்பு. அதைத் தங்கையிடம் காட்டினான்.

அப்போது பின்னறைக் கதவு திறந்தது. முழங்கை வரை கறுப்பான கைகளை உதறிக்கொண்டு மாமனார் வந்தார்.

"கரண்டைத் தொடலை மாப்ளே, சத்தியமா. நீங்க தலைகீழ்னு கத்தி, பல்பு அணைஞ்சப்புறம்தான், பெல்ட்டைக் கழட்டி, எதிர்ப்பக்கம் சுத்துற மாதிரி முறுக்கி மாட்டுறதும், முறுக்கைப் பிரிச்சு மாட்டுறதுமா நாலு தடவை நேராக்கிட்டேன். கை விட்டுப்போச்சு. அஞ்சாவது தடவைக்கு நீங்க கொஞ்சம் வந்து பிடிக்கிறீங்களா?"