பதினைந்து வினாடி சும்மா இருக்கத் தெரியாதவர்

அடுத்தவர் கம்ப்யூட்டர் திரையைக் கண்டதும் கை ஊறுகிற ஓர் இனம் உண்டு. பெரம்பலூரில் அதற்குப் பெயர் தர்மராஜ். அரியலூரிலும் இருக்கிறது, பெயர்தான் வேறு.

உரக்கடைக்காரர். காதுகுத்துக்குப் போனாலும் சரி, துக்கம் விசாரிக்கப் போனாலும் சரி, அந்த வீட்டில் ஒரு மானிட்டர் இருந்துவிட்டால் போதும், மவுசைப் பிடுங்கி, டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் இறங்கி, திரை வினாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்கிற ரெஃப்ரெஷ் ரேட் ஐம்பத்தொன்பது என்றிருப்பதை அறுபதாக்கிவிட்டு, தலையைச் சாய்த்து, "இப்ப எப்படி?" என்பார். ஒரு வித்தியாசமும் இருக்காது. சொல்ல முடியுமா? "கண்ண செக் பண்ணுங்க" என்பார்.

அன்று பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு நகல் எடுக்க வந்தார். அங்கே சென்டர்காரி அனுசுயா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாடாலூர் வளர்மதியின் நர்சிங் கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு ஏற்றியாயிற்று. இன்னும் சேமிக்கவில்லை. கெடு ஐந்து மணி. இப்போது நாலே முக்கால். இந்த வருஷமும் இடம் விட்டால் வளர்மதிக்கு வீட்டில் மாப்பிள்ளை தயார்.

"ஏம்மா, எழுத்து இம்மாம் பெருசா இருக்கு? ரெசல்யூஷன ஏத்தலாமுல்ல?"

"எனக்குக் கண்ணு தெரியணும் சார். அப்படியே வுடுங்க."

விடுவாரா? அனுசுயா நகல் எடுக்க எழுந்ததுதான் தாமதம், ரெசல்யூஷனை உச்சத்துக்கு ஏற்றினார். எழுத்து கடுகாயிற்று. 'இப்படியே இருக்கட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. இவரைக் கேட்க அது யார்? ஆமாம் என்று அழுத்தினார். போதாதென்று ரெஃப்ரெஷ் ரேட்டை எழுபத்தைந்துக்குத் தூக்கினார். பழைய மானிட்டர், பாவம், தாங்கவில்லை. திரை கருத்தது.

வளர்மதி மடியிலிருந்த சர்டிஃபிகேட் ஃபைலை இறுக்கிப் பிடித்தாள்.

"சார், எதையும் தொடாதீங்க! பதினஞ்சு செகண்டுல தன்னால பழையபடி வந்துரும்!" என்று அனுசுயா கத்தினாள்.

சும்மா இருந்தால் போதும். அந்த இனத்துக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாப்போயிடும்மா." கை சுவரிலிருந்த ஸ்விட்சை நோக்கிப் போனது. நாற்பத்திரண்டு கல்லூரியும் அதோடு போகும்.

வளர்மதி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. மடியிலிருந்த ஃபைலைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

"அண்ணே, எல்லாம் ஒரிஜினல். ரெண்டு கையாலயும் பத்திரமாப் புடிங்க. ஆடாதீங்க, மடங்கிரும்."

பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு, மூச்சுகூட விடாமல் நின்றார்.

திரை தானாக வெளுத்தது. அனுசுயா கடுகு எழுத்துக்குள் மூக்கை நுழைத்துத் தேடிப் பிடித்துச் சேமித்தாள். வளர்மதி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

"பாத்தீங்களா," என்றார் தர்மராஜ், "நான் வெச்ச செட்டிங் கொஞ்சம் லேட்டா புடிக்குது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் என்றைக்காவது, எல்லாரும் பதறிக்கொண்டிருந்த நேரத்தில், உங்களிடம் மட்டும் ஒரு பையை நீட்டி, "நீங்கதான் பத்திரமாப் பாத்துக்குவீங்க" என்று யாராவது சொல்லியிருந்தால், நம்பிக்கை வைத்தார்கள் என்று பூரிப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: அந்த நேரத்தில் உங்கள் கை எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது?