கட்டிங் மாஸ்டரின் பாதுகாப்பு ஊசி

ஜூன் மாதம் மூன்றாம் நாள், திங்கட்கிழமை. கட்டிங் மாஸ்டரின் குறை இதுதான்: பல ஆண்டுகளாகத் தம்மோடு ஒரே மேசையில் வேலைசெய்யும் காஜாக்காரருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அதை ஒருவரும் தமக்குத் தெரிவிக்கவில்லை.

பல்வலிக்கு மருந்து வாங்க அரசு மருத்துவமனைக்குச் சென்றவர் அதைக் கண்ணாலேயே கண்டுவிட்டார். எச்.ஐ.வி. மருந்து வழங்கும் சாளரத்தின் முன் காஜாக்காரர் வரிசையில் நின்றார், சீட்டை நீட்டினார், மாத்திரைப் புட்டியைச் சட்டைக்குள் மறைத்தார். அந்தக் கணமே மாஸ்டரின் பல்வலி போன இடம் தெரியவில்லை.

அந்தத் தையற்கூடத்தில் பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்துகிடந்த நேரம் அது. மாஸ்டர் துணி வெட்டுவார். நால்வர் இயந்திரத்தில் தைப்பர். பொத்தான் துளைகளுக்குக் கையால் நூல்கட்டுவது காஜாக்காரர் வேலை. ஒவ்வொரு முறையும் நூல்முனையை நாவில் நனைத்துத்தான் அவர் ஊசியில் கோப்பார். ஊரிலுள்ள பாதிப் பிள்ளைகளின் நெஞ்சில் அந்த எச்சில் நூல் இருக்கிறதே என்று எண்ணினார் மாஸ்டர்.

நேரே போய்க் கேட்டார்.

"அந்த சாளரத்துல உங்களுக்கு என்ன வேலை?"

காஜாக்காரர் ஊசியை நிறுத்தினார்; முகம் வெளுத்தது. "என்னால உங்களுக்கு ஒண்ணும் வராது மாஸ்டர். அதுக்கு மேல கேக்காதீங்க."

ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாஸ்டர் அதை ஆம் என்றே எடுத்துக்கொண்டு முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். காஜாக்காரர் இருந்தால் தாம் இருக்கப்போவதில்லை என்றார். மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தால் கூடமே படுத்துவிடும். காஜாக்காரரை அனுப்பினால் அவர் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும். முதலாளியம்மா, சீருடைகள் போய்ச்சேரும்வரை பொறுக்கச் சொன்னார்.

"அதுவரைக்கும் நான் எங்கம்மா உக்காருவேன்?"

"இங்கயே உக்காருங்க மாஸ்டர்."

அன்றே மாஸ்டரின் வெட்டுமேசை முதலாளியம்மாவின் அறைக்குள் குடிபுகுந்தது. பொதுப்பானைத் தண்ணீர் வேண்டாமென்று அந்த அம்மாவின் கூஜாவிலேயே குடித்தார். வெளியே உண்ண அஞ்சி, அந்த அம்மையார் சாப்பிட்டு மிஞ்சியதை அதே கரண்டியால் வழித்து உண்டார். "உங்க புண்ணியத்துல உயிர் தப்பிச்சேன்மா," என்று நாள்தோறும் நன்றியும் கூறினார். முதலாளியம்மா சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

வீட்டிலோ கதை வேறு திசையில் ஓடியது. தமக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால் மனைவிக்கும் பரவுமே என்று அஞ்சி மாஸ்டர் சமையலறையில் படுத்தார். கொசு வழியாகப் பரவிவிடும் என்று எண்ணிப் புகைமூட்டினார். மனைவி இருமியே விழித்திருந்தாள். ஆணுறை காக்கும் என்று யாரோ சொல்ல, மருந்துக்கடையில் ஒரு பெட்டி வாங்கிச் சட்டைப்பையில் மறந்தார். துவைக்க எடுத்த மனைவியின் கையில் அது சிக்கியது.

"இது எதுக்குங்க?"

மாஸ்டர் திகைத்தார். "கடைக்கு."

"தையக்கடையில இதுக்கு என்ன வேலை?"

மனைவி பெட்டியைத் தன் கைப்பையில் போட்டுப் பூட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை முற்பகலில் விதி முற்றியது. வேலை நெருக்கடியில் காஜா முடிந்த சட்டை ஒன்றை மாஸ்டரே மடிக்க நேர்ந்தபோது, அதில் தங்கியிருந்த தையலூசி அவர் விரலில் ஏறியது. முத்துப்போல் ஒரு துளி இரத்தம். மாஸ்டருக்குக் கூடம் சுழன்றது. கடைத்தெருக்கோடியில் ஊசி போடுபவர் ஒருவர் இருந்தார். வைத்தியம் படித்தவரல்லர், ஆனால் எந்த நோய்க்கும் அவரிடம் ஓர் ஊசி உண்டு. மாஸ்டர் அங்கே ஓடினார். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசி வேண்டும் என்றார். இருக்கிறது என்றார் அவரும். போட்டும் விட்டார்.

மறுநாள் காலையில் மனைவி அவரைக் கையோடு மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றாள். எவளிடமிருந்து எதை வாங்கிவந்திருக்கிறார் என்று சோதித்துவிடுவதே அவள் நோக்கம். ஆலோசகர் ஓர் இளம்பெண். அக்கா, தம்பி என்று உறவு சொல்லிப் பேசாமல் நேரே கேள்விக்கு வந்தார். உறையில்லா உடலுறவு உண்டா, இரத்தம் ஏற்றியதுண்டா, பிறருக்குப் போட்ட ஊசியைப் போட்டுக்கொண்டதுண்டா என்று கேட்டார். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவும் வழியும் உண்டு. அதை மாஸ்டரிடம் கேட்கத் தேவையிருக்கவில்லை.

மாஸ்டர் தம் கதையைக் கொட்டினார்: ஒரே மேசை, எச்சில் நூல், கொசு, விரலில் ஏறிய ஊசி.

"எச்சில்ல பரவாது. கொசு பரப்பாது. பக்கத்துல உக்காந்தா, சேர்ந்து சாப்பிட்டா பரவாது. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் குறைஞ்சவங்ககிட்டேருந்து உடலுறவுலகூடப் பரவாது. அந்தத் தையலூசியில ரத்தம் இருந்துச்சா?"

"காஞ்சு கெடந்த ஊசிதாம்மா. துணியிலதான் இருந்துச்சு."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்லை," என்றார் ஆலோசகர்.

மனைவியின் மூச்சு அப்போதுதான் சீரானது. மாஸ்டரோ அத்துடன் வாயை மூடியிருக்கலாம். தம் முன்யோசனையையும் அந்தப் பெண் பாராட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"இருந்தாலும் நான் சும்மா இருக்கலம்மா. நேத்தே பாதுகாப்பு ஊசி போட்டுக்கிட்டேன்."

"அப்படி ஒரு தடுப்பூசி கிடையாது. யார் போட்டாங்க?"

மாஸ்டர் சொன்னார்.

"புது ஊசியா? உறையைப் பிரிச்சாங்களா?"

"எனக்கு முன்னாடி நின்னவங்களுக்குப் போட்ட அதே ஊசிதான். ஆனா பஞ்சால நல்லாத் துடைச்சுட்டுத்தான் போட்டாரு."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். துணி மாறினால் தையல் இயந்திரத்துக்கு ஊசி மாற்றாதவனைக் கூடம் அதிர ஏசும் மாஸ்டர், தம் இடுப்பைப் பழைய ஊசிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"இத்தனை நாள்ல உங்களுக்கு ஆபத்து வந்தது அந்த ஒரு இடத்துலதான்," என்றார் ஆலோசகர். "நல்ல வேளை, மூணு நாளுக்குள்ள வந்துட்டீங்க. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும், நாலு வாரம் விடாம."

அன்றைய சோதனையில் ஒன்றுமில்லை. ஆனால் நேற்றைய ஊசியின் கணக்கு அதில் தெரியாதென்றும், சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டுமென்றும், அதுவரை கணவன் மனைவி உறை பயன்படுத்த வேண்டுமென்றும் ஆலோசகர் விளக்கினார். வெளியே இலவசமாகக் கிடைக்கும் என்றார்.

"வேண்டாம்," என்றாள் மனைவி, கைப்பையைத் திறந்தபடி. "கடைக்குன்னு வாங்கினதே இருக்கு."

மாஸ்டர் அதே சாளரத்தில், அதே வரிசையில் நின்று மாத்திரை வாங்கினார். புட்டியைத் தாமும் சட்டைக்குள்தான் மறைத்தார். ஆயினும் சட்டைக்குள் ஒளித்தது கூடத்திலுள்ள நால்வர் கண்ணிலிருந்து தப்புமா? மறுநாள் தையற்காரர் நால்வரும் தம் இயந்திரங்களை அவர் இருந்த அறைவாசலிலிருந்து தள்ளிப்போட்டனர். அவர் தொட்ட கத்தரியைத் தொட மறுத்தனர். காஜாக்காரர் ஒருவர்தாம் வழக்கம்போல் அருகில் வந்து, வெட்டிய கழுத்துப்பட்டிகளை வாங்கிக்கொண்டு போனார்.

மாஸ்டருக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். மாறாக, இத்தனை அவமானத்துக்கும் மூலகாரணம் காஜாக்காரரே என்று கண்டுபிடித்தார். சீருடைகள் வண்டியேறிய அன்று முதலாளியம்மாவின் முன் போய் நின்றார்.

"சொன்ன வார்த்தையைக் காப்பாத்துங்கம்மா. இன்னிக்கே அவரை அனுப்பிடுங்க. அந்த மாத்திரை சாப்பிடுற ஆளு இருக்கிற எடத்துல நான் ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்."

முதலாளியம்மா எழுந்து அறைக்கதவை விரியத் திறந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்:

"அப்ப நீங்கதான் கெளம்பணும் மாஸ்டர். அந்த மாத்திரை எனக்கு. வரிசையில நிக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சுன்னு அவர் எனக்காக நின்னாரு."

வாசகரே, பிறர் விழுங்கும் மாத்திரை எதற்கென்று ஆராய்வதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் உடம்பில் ஊசி இறங்குமுன், அதன் உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள்.