நாலு மணிக்குப் பக்கத்தில் ஒரு கோடு

மூட்டைக்காரர் வேலை முடிந்து வந்து தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த பழைய கைக்கடிகாரத்தின் முகப்பு பல் தேய்த்த மாதிரி பளிச்சென்று இருந்தது. மூட்டை ஏறாமலே அவர் முதுகு வளைந்தது.

"யாரு இதைத் தொட்டது?"

மச்சினன் சிரித்துக்கொண்டே வந்தான். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் வேலை. அழுக்கைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது.

"நான்தான் மாமா. நாளைக்குப் பெரிய மனுசங்ககிட்ட காட்டப்போறீங்கன்னு அக்கா சொல்லிச்சு. ஒரே பழுப்பா கிடந்துச்சு. கண்ணாடியைக் கழட்டி, நம்பர் அழியாம பஞ்சால தொட்டுத்தொட்டு எடுத்தேன். கழுத்தே புடிச்சுக்கிச்சு."

"அந்தப் பழுப்புதான்டா மாப்ள கடிகாரமே."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள்.

சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம் என்றால் மூட்டைக்காரருக்கு உயிர். பெட்டியில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் ஓடாது. அவற்றுக்கான உதிரிச் சாமான் இப்போது எங்கேயும் செய்வதில்லை. பழைய கடிகாரம் சேர்ப்போர் சங்கத்தில் மட்டும் ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. ஆனால் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்குத்தான் அது திறக்கும். சேர வேண்டுமானால் ஒரு கடிகாரம் காட்ட வேண்டும். முகப்பில் யார் கையும் பட்டிருக்கக் கூடாது. "வயசு தானா வந்திருக்கணும்" என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தலைவர் ஒரு பல் டாக்டர்.

மூட்டைக்காரரிடம் அப்படி வயசான முகம் இது ஒன்றுதான். தேன் நிறத்தில் இருந்தது. நேற்றுவரை.

"பழுப்புதானே வேணும்? அதுக்கா இந்தப் பாடு" என்று மனைவி அடுப்பில் தேயிலையைக் கொதிக்க வைத்தாள்.

அவர் இயந்திரத்தைத் தனியே கழற்றிக் கிண்ணத்தால் மூடிவிட்டு, முகப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தார். அவள் பஞ்சை டிகாஷனில் தோய்த்துத் தடவினாள். பிடித்த இடத்தில் பிடித்தது. பிடிக்காத இடம் வெள்ளையாகவே நின்றது.

"தேமல் வந்த மாதிரி இருக்கே" என்றார்.

"சூடு காட்டினா பரவிடும்."

இரும்புச் சட்டியில் வைத்துச் சூடு காட்டினார்கள். நிறம் பரவவில்லை. முகப்பு, தண்ணி வத்தின குளம் மாதிரி வெடித்தது.

"பயப்படாதீங்க மாமா. இதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றான் மச்சினன்.

"நீ இருக்கறதுதான் பயமே."

அவன் பட்டறைக்கு ஓடி, வார்னிஷ் டப்பாவோடு வந்து ஒரு வீச்சு அடித்தான். வெடிப்பு அடங்கியது. ஜன்னலில் காய வைத்துவிட்டு மூவரும் மூச்சு விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தபோது, காயாத வார்னிஷில் ஓர் எறும்பு நின்றுகொண்டிருந்தது.

"யாரும் அசையாதீங்க" என்றான் மச்சினன், எறும்பே அசையாதபோது.

மனைவி கொண்டை ஊசியால் மெல்ல எடுத்தாள். எறும்பு வந்தது. ஒரு கால் மட்டும் நாலு மணிக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆச்சும்பாங்க. உங்களுக்கு அதுல காலு மட்டும்தான் கொடுத்துவச்சிருக்கு" என்றாள்.

"நான் போகல."

"போங்க. விரட்டினா வந்துடுங்க. விரட்டறதுக்கு முன்னாடியே ஓடி வர்றது என்ன பழக்கம்?"

மறுநாள் காலை மூட்டைக்காரர் துவைத்த சட்டையோடு சங்கத்துக்குப் படியேறினார். கீழே டீக்கடை, மேலே சங்கம். நடந்ததை அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். உள்ளே எல்லார் மணிக்கட்டிலும் நல்ல தேன் நிறம். அவருக்குக் கையைப் பையிலிருந்து எடுக்கவே கூச்சமாக இருந்தது.

"ஐயா, முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன்..."

"கடிகாரம் பேசட்டும்" என்று தலைவர் வாங்கிக்கொண்டார். கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் சாய்த்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை. மூட்டைக்காரர் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டார்.

"கப்பல்ல போயிருக்கு" என்றார் தலைவர் கடைசியில். "உப்புக்காத்து பட்டாத்தான் இப்படித் திட்டுத்திட்டா வரும்."

"வெடிப்பைப் பாருங்க. இது பாலைவனத்து வெயில்" என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி.

"கப்பல்ல போய்ப் பாலைவனத்துல இறங்கியிருக்கும்" என்று இருவருக்கும் சமாதானம் செய்துவைத்தார் துணிக்கடைக்காரர்.

"நாலு மணிகிட்ட இந்தக் கோடு?"

"ஐயா, அதைத்தான் சொல்ல வந்தேன்..."

"வேணாம். ரகசியக் குறி. அந்தக் காலத்துல அதிகாரிங்களுக்கு மட்டும் போட்டது" என்று தலைவர் கடிகாரத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "இந்த மாதிரி வயசு எங்கள்ல யார்கிட்டயும் இல்ல. அலமாரியைத் திறந்துவிடுங்கப்பா அவருக்கு."

அலமாரி திறந்தது. சின்னச் சின்ன டப்பாக்களில் சக்கரம், சுருள், முள். ஓடாமல் கிடந்தவை எல்லாம் ஓடப்போகின்றன. மூட்டைக்காரருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம் இழுத்தது, மனசாட்சி மறுபக்கம் இழுத்தது. நடுவில் நின்று வியர்த்தார்.

காலி கிளாஸ்களை எடுக்க வந்த டீக்கடைக்காரர் அவர் கையிலிருந்த கடிகாரத்தின் மேல் குனிந்தார். பிறகு அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் காதருகே வந்து சொன்னார்:

"இங்க தலைவர்லேருந்து எல்லாரும் என்கிட்டதான் டிகாஷன் வாங்கிட்டுப் போறாங்க. ஆனா எறும்பு போடணும்னு ஒருத்தருக்கும் தோணலையே அண்ணே."