மரியாதையாகப் பேசினால் போனை வைத்துவிடவும்

கன்னியாகுமரி மாவட்டத்து மக்கள் படித்தவர்கள், விவரமானவர்கள், வெளிநாடு போய் வந்தவர்கள் என்பது அரசு ஏற்றுக்கொண்ட உண்மை. அப்படிப்பட்டவர்கள் போனில் வரும் மோசடிப் பேர்வழிகளிடம் பணத்தைப் பறிகொடுப்பது முறையல்ல என்று மேலிடம் கருதியது. முறையல்லாத ஒன்றைத் தடுக்க முறைப்படி ஒரு குழு வேண்டும். நாகர்கோவிலில் ‘மாவட்ட நிதி மோசடித் தடுப்பு மற்றும் விழிப்புணர்வு ஒருங்கிணைப்புக் குழு’ அமைக்கப்பட்டது. அதன் தனி அலுவலராக சுயம்புராஜ் வந்தார். இதுவரை வேலைபார்த்த இடத்தில் அவர் மீது ஒரு புகாரும் பதிவானதில்லை. அவர் வேலைபார்த்தது புகார்களைப் பதிவுசெய்யும் பிரிவில்.

குழு முதல் வேலையாக மக்களை விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போனில் அழைத்தது. அரசு அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், கூட்டத்துக்கு வந்தால் மதியம் பிரியாணி உண்டு என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். சிலர் போலீசுக்குப் போனார்கள். கூட்டத்துக்கு வந்துசேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மட்டும்தான். இழப்பதற்கு இனி ஒன்றுமில்லாததால் அவர்களுக்கு பிரியாணியின் மீது சந்தேகம் வரவில்லை.

இதுவும் நல்லதாயிற்று என்று சுயம்புராஜ் நினைத்தார். ஏமாந்தவர்களிடமே காரணத்தைக் கேட்டுவிடலாம்.

இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்த ரதீஷ் முதலில் எழுந்தான். மஸ்கட்டில் வெல்டராக இருந்தவன். போனில் பேசியவன் தன்னைச் சுங்க அதிகாரி என்று சொல்லியிருக்கிறான். உன் பெயருக்கு வந்த பார்சலில் கூடாத சாமான் பிடிபட்டிருக்கிறது, விசாரணை முடியும்வரை உன் சேமிப்பை எங்கள் கணக்கில் போட்டுவை என்றிருக்கிறான். ரதீஷ் போட்டுவைத்துவிட்டான்.

“நாலு நாடு பாத்த ஆளு. எப்பிடி வே நம்பினீரு?” என்று கேட்டார் சுயம்புராஜ்.

“அவன் என்னைய சார்னு கூப்பிட்டான்,” என்றான் ரதீஷ். “வில்லேஜ் ஆபீசுல இருந்து ஏர்போர்ட்டு வரைக்கும் எனக்க ஆயுசுல ஒரு ஆபீசரும் என்னைய அப்பிடிக் கூப்பிட்டதில்ல. பைசா போட்ட பொறவு அவனே கூப்பிட்டு, வந்து சேந்துட்டு சார், கவலப்படாதீங்கன்னும் சொன்னான். நம்ம ஆபீசுல எவன் சொல்லுவான்?”

மற்றவர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். மோசடிக்காரர்கள் முதல் மணியிலேயே போனை எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைபார்த்திருக்கிறார்கள். புரியாததைத் திருப்பிக் கேட்டால் கோபப்படாமல் விளக்கியிருக்கிறார்கள். ஒரு பெண்மணியிடம், சாப்பிட்டுவிட்டு வந்து பணம் அனுப்பினால் போதும் என்றிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று பிற்பகலே சுற்றறிக்கை தயாராகத் தொடங்கியது. பல அமர்வுகளுக்குப் பின் அது பின்வருமாறு வெளியானது: ‘அரசு அலுவலர் அல்லது வங்கி அலுவலர் எனக் கூறிக்கொண்டு எவரேனும் தங்களிடம் மரியாதையாகவோ, விரைவாகவோ, விளங்கும்படியாகவோ பேசுவாராயின், அவரை மோசடிப் பேர்வழி எனக் கொண்டு உடனே தொடர்பைத் துண்டிக்கவும். உண்மையான அலுவலர் தங்களை ஒருமையில் விளிப்பார். தங்கள் கோப்பு அவரிடம் இராது. தங்களை மறுநாள் வரப் பணிப்பார்.’

இதனால் அரசின் பெயர் கெட்டுப்போகாதா என்று குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார். “கெட்டுப்போவாது. இருக்கப்பட்ட பேரத்தானே எழுதியிருக்கோம்,” என்றார் சுயம்புராஜ்.

வங்கிகளின் கருத்தும் கோரப்பட்டிருந்தது. ஒரு வங்கிக் கிளையிலிருந்து ஷாஹினாஸ் என்ற அதிகாரி ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தாள். யார் போனில் பணம் கேட்டாலும் சரி, எப்படிப் பேசினாலும் சரி, வைத்துவிட்டு நேரில் பாங்குக்கு வந்து கேளுங்கள் என்பது அந்த வரி. ஒரு வரியைச் சுற்றறிக்கையாக வெளியிட முன்னுதாரணம் இல்லை என்பதாலும், மக்கள் நேரில் வந்துவிடும் அபாயம் இருப்பதாலும் அது ஏற்கப்படவில்லை.

சுற்றறிக்கைக்கு உடனடிப் பலன் இருந்தது. இனிமையான குரல்கள் எல்லாம் துண்டிக்கப்பட்டன. மோசடி பாதியாகக் குறைந்தது. வேறு சில பலன்களும் கூடவே வந்தன. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடை, வாசலில் வணக்கம் சொல்ல நிறுத்தியிருந்த பெண்களை நீக்கிவிட்டு, “என்ன வேணும்?” என்று கேட்க ஒருவரை உட்காரவைத்தது. நம்பகமான கடை என்று கூட்டம் கூடியது. தோவாளைச் சந்தையில் ஒரு முழம் பூவைச் சும்மா சேர்த்துக் கொடுத்த வியாபாரியிடம் ஆதார் கேட்டார்கள். ‘அன்புடன் அழைக்கிறோம்’ என்று அச்சிட்ட கல்யாணத்துக்கு மொய் குறைந்தது.

கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற ராஜபாய்க்கு அப்போதுதான் பணிக்கொடை வந்திருந்தது. தோட்டத்து வீட்டைக் காலிசெய்தாக வேண்டும். தடிக்காரன்கோணத்தில் கொஞ்சம் இடம் வாங்கி, ஓட்டு வீடு ஒன்று போட்டுக்கொள்ள அந்தப் பணம் சரியாக இருக்கும். அதுவரை பணத்தை என்ன செய்வது என்று கேட்க அவள் பாங்குக்குப் போனாள். அங்கே அந்த ஒரு வரியை எழுதிய ஷாஹினாஸ் இருந்தாள். கோட்டாற்றுக்காரி, வேலைக்குப் புதிது. அவள் எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டாள். ராஜபாய் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சுற்றறிக்கையின் அடியில் இருந்த எண்ணுக்குப் புகார் சொன்னாள்.

கிளை மேலாளர் ஆன்ட்ரூஸ் விசாரணை நடத்தினார்.

“உக்காரச் சொன்னீங்களா?”

“சொன்னேன் சார்.”

“தண்ணி வேணுமான்னு கேட்டீங்களா?”

“கேட்டேன் சார். வெயில்ல வந்தாங்க.”

“வெயில்ல வாறவங்க எல்லாத்துக்கும் தண்ணி குடுத்தா, இது பாங்குன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

ஷாஹினாஸ் புத்தாக்கப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டாள். ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் வகுப்பெடுத்தார். முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்வது ஒரு பாடம். பதில் சொல்லாமல் முகத்தைப் பார்ப்பது இன்னொரு பாடம். முதலாவதில் அவள் எப்படியோ தேறினாள்.

இதற்குள் மோசடிக்காரர்களும் சுற்றறிக்கையைப் படித்திருந்தார்கள். அதைக் கடைசிவரை படித்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ராஜபாய்க்கு ஒரு போன் வந்தது.

“ஆரு?” என்றது குரல்.

“நீங்கதானே கூப்பிட்டிய?”

“நாங்க கூப்பிட்டமா? எதுக்கு?”

“எனக்குத் தெரியாதே.”

“தெரியாம எதுக்கு எடுத்த? பைலப் பாக்கணும். நாளைக்குக் கூப்பிடு.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. ராஜபாய்க்கு முதல் தடவையாக மனதில் ஒரு உறுதி ஏற்பட்டது. மறுநாள் அவளே கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் எடுத்து, வேறு பிரிவு என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வேறு பிரிவில் இசை கேட்டது. நெடுநேரம் இசை கேட்டபின் ஒருவர் வந்து, முதலில் பேசியவரிடமே பேசச் சொன்னார். இப்படிப் பல நாட்கள் அலைந்து, அது ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் வீட்டுமனை ஒதுக்கீட்டுப் பிரிவு என்பதை அவள் தெரிந்துகொண்டாள். பணிக்கொடையை அந்தப் பிரிவில் வைப்பாகக் கட்டினால் மனையும் வீடும் கிடைக்கும். ஆனால் அவள் கட்ட முடியாது, கடைசித் தேதி முடிந்துவிட்டது என்றார்கள். அவள் அழுதாள். அழுதால் ஆகுமா என்று சத்தம்போட்டார்கள். பிறகு குரல் சற்றே தணிந்து, தேதியை முன்னால் போட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கும் என்றது. கைக்கூலி கேட்கிறார்கள் என்று புரிந்ததும் ராஜபாய் மனதிலிருந்த கடைசிச் சந்தேகமும் போயிற்று.

பணத்தை அனுப்ப அவள் பாங்குக்கு வந்தபோது ஷாஹினாஸ் அந்தக் கணக்கின் பெயரைப் பார்த்தாள். அது ஏதோ ஊரில் இருக்கும் யாரோ ஒரு தனியாளின் கணக்கு. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, நிமிர்ந்து பார்க்காமல், “சர்வர் இல்ல, நாளைக்கு வா,” என்றாள். ராஜபாய் திருப்தியாகத் திரும்பிப்போனாள். மறுநாளும் சர்வர் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அப்படியே விட்டிருந்தால் பணம் பாங்கிலேயே கிடந்திருக்கும். நாலாம் தடவை வந்தபோது மழை. ராஜபாய் நனைந்து, நடுங்கிக்கொண்டு நின்றாள். ஷாஹினாஸ் தன்னை மறந்துவிட்டாள்.

“அம்மா, கொஞ்சம் உக்காருங்க,” என்றாள். “நான் சொல்றத ஒரு நிமிசம் கேளுங்க. இது ஏமாத்து. இந்தப் பணத்த அனுப்பாதீங்கம்மா. போனா திரும்பி வராது.”

ராஜபாய் உட்காரவில்லை. நேராக மேலாளர் அறைக்குப் போனாள். இந்தப் பிள்ளை தன்னை அம்மா என்று கூப்பிடுகிறது, பைசாவை இங்கேயே வைக்கச் சொல்கிறது, இதில் என்னவோ இருக்கிறது என்றாள். இன்னொரு புகார் ஏற்பட்டால் கிளையின் பெயர் என்னவாகும் என்று ஆன்ட்ரூஸ் யோசித்தார். பணத்தை அவரே அனுப்பிவைத்தார். அவசரத்தில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவும் மறந்துவிட்டார்.

அடுத்த நாள் ஷாஹினாஸ் விடுப்பு போட்டுவிட்டு சுயம்புராஜைப் பார்க்கப் போனாள். அவர் ராஜபாயை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வந்து சொன்னவன் வாசலில் நின்று அதட்டியதால் அவளும் உடனே புறப்பட்டு வந்தாள்.

“நீ ஏமாந்துட்டன்னு இந்தப் பிள்ள சொல்லுகு,” என்றார் சுயம்புராஜ்.

“நான் எங்க ஏமாந்தேன்? பைலு நடந்துக்கிட்டுல்லா இருக்கு.”

“பைசா வாங்கின பொறவு பேசினானா?”

“பேசாம? இன்னிக்குக் காலத்த கூப்பிட்டேன். செக்சன் ஆளு லீவுன்னு சொன்னாரு.”

“திருடனா இருந்தா?”

ராஜபாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “திருடன்னா முழுசயும் எடுத்துட்டுப் போயிருவான் சார். முழுசயும் வாங்கிட்டு, கைக்கூலியும் தனியா கேக்கான்னா, அவன் ஆபீசராக்கும்.”

சுயம்புராஜ் அவளிடமிருந்து எண்ணை வாங்கித் தானே கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டார். எடுத்தார்கள்.

“ஆரு?”

“நாகர்கோவில்ல இருந்து மோசடித் தடுப்புத் தனி அலுவலர் பேசுகேன்.”

“தனியா எல்லாம் கூப்பிடப்பிடாது. மேல உள்ளவர் வழியா எழுதிப் போடு.”

“ஒரு பைல் சம்பந்தமா…”

“சாப்பாட்டு நேரம் தெரியாதா உனக்கு? நாளைக்குக் கூப்பிடு.”

“சரி சார்,” என்றார் சுயம்புராஜ். போனை வைத்தபோது, தான் எழுந்து நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை.

“என்ன சொன்னாரு?” என்றாள் ராஜபாய்.

“நாளைக்குக் கூப்பிடச் சொல்லுகாரு.”

“நான் சொன்னேம்லா.”

சுயம்புராஜ் மெதுவாக உட்கார்ந்தார். “ஆபீஸ்தான்,” என்றார். அவர் குரலில் நிம்மதி இருந்தது.

ஷாஹினாஸ் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். “சார், கொஞ்சம் கேளுங்க. பணம் போயி ஒரு நாள்தான் ஆகுது. இப்பவே புகார் பதிஞ்சா அந்தக் கணக்க முடக்கிடலாம், பணம் இன்னும் அங்க கெடக்கலாம். அம்மா, வீடு உங்களுக்கு வேணும்லா? ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. ரெண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடுறேன்.”

 அவள் சொன்னது மரியாதையாக இருந்தது. தாமதம் கூடாது என்றாள். முழுவதும் விளங்கவும் செய்தது. சுயம்புராஜ் அவளை முதல் தடவையாகக் கூர்ந்து பார்த்தார்.

“நீ எந்த பாங்குன்னு சொன்ன?” என்றார். “அடையாள அட்டை இருந்தா எடு பாப்போம்.”

ராஜபாய் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுக்கொண்டு, பையை மடியோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டாள். அதில் ஒரு குடையும், கழுவாத சோற்றுப் பாத்திரமும் இருந்தன.