சரஸ்வதி அண்ணையின் சூட்கேஸ்

பலெர்மோ நகரில் ஒரு கடதாசியைக்கூட மிதிக்காமல் நடந்த ஒரே மனிதர் சரஸ்வதி அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயரை பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதி அட்டையில் ஒருமுறை பார்த்தேன், மறந்துவிட்டேன். பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் நிலவறையில் ஆறு வருடம் இருவரும் துணி வெளுத்தோம்.

அச்சடித்த எதுவும் அவருக்குச் சரஸ்வதி. நிலத்தில் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பைக்குள் வைப்பார். அவரோடு வுச்சீரியாச் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போனால் அரைநாள் போய்விடும். ஒருமுறை கார்க்காரன் ஒருவன் பொலிஸ் எழுதிய தண்டச் சீட்டைக் கசக்கி எறிந்தான். அண்ணை அதை நீவிக் கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அவன் பேசிய இத்தாலிய மொழியை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கமாட்டார்கள்.

சம்பள நாளில் நாங்கள் காசை எடுத்துக்கொண்டு சம்பளத் துண்டைக் கூடைக்குள் எறிவோம். சமையல்காரர் துரி, அசல் சிசிலிக்காரர், அதில் கை துடைத்துவிட்டு எறிவார். அண்ணை எல்லாவற்றையும் பொறுக்குவார்.

“எழுத்து இருக்கெல்லோ? குப்பைக்குள்ளை கிடக்கவிடலாமே?” என்பார்.

நான் மன்னார்க் கத்தோலிக்கன், சரஸ்வதியோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று சிரிப்பேன்.

ஒருநாள் ஹோட்டல் கதவில் நீதிமன்ற அறிவித்தல் தொங்கியது. முதலாளி வங்குறோத்து. வேலையால் நிற்கும்போது அவர் தரவேண்டிய ‘லிக்விதாட்சியோனே’ பணமும் போயிற்று என்று தலையில் கைவைத்தேன். கொழும்பில் காத்திருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட அதைத்தான் நம்பியிருந்தேன்.

தொழிற்சங்கத்து அம்மா, எங்களுக்கு அவர் ‘சினோரா’, வழி சொன்னார். முதலாளி முறிந்தால் அந்தப் பணத்தை அரசாங்க நிதி கொடுக்குமாம். ஆனால் முதலாளி எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று முதலில் நீதிமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹோட்டல் கணக்குப் புத்தகங்களைக் காணவில்லை. ஆகவே சம்பளத் துண்டுகள் வேண்டும். வீட்டில் தேடினேன். ஆடுகிற மேசைக்கால் ஒன்றின் கீழ் இரண்டு துண்டு கிடந்தன.

மறுநாள் அண்ணை கயிறு கட்டிய சூட்கேஸோடு சங்கத்துக்கு வந்தார். ஆளுக்கொரு கட்டு, மாத வரிசையில், வெள்ளை நூலால் கட்டியிருந்தது. மேலே ஒரு வாடிய செவ்வரத்தம்பூ. சினோரா ஸ்டேப்ளரை எடுத்ததும் அண்ணை பதறிப்போனார்.

“சினோரா, குத்தாதேங்கோ. அவவுக்கு நோகும்.”

தமிழில்தான் சொன்னார். சினோரா என்ன விளங்கினாரோ, ஸ்டேப்ளரை வைத்துவிட்டுக் கிளிப் எடுத்தார். தன் வேலைக்காலத்தில் ஒருவரும் இவ்வளவு ஒழுங்காகக் கொண்டுவந்ததில்லை என்று எழுந்து நின்று அண்ணைக்குக் கை கொடுத்தார். எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. துரியோ சோஸ் கறை படிந்த தன் கட்டை வாங்கி, அண்ணையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் ஒற்றினார்.

ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து அரசாங்கம் பணம் தந்தது. மனைவியும் மகளும் ரோமில் இருந்து ரயிலில் வந்து பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கினார்கள். அண்ணையும் வந்திருந்தார். மகள் டிக்கெட்டைக் கீழே போட்டாள். அண்ணை குனியுமுன் நான் எடுத்துக் கண்ணில் ஒற்றினேன்.

“தா, வைப்பம்,” என்று அவர் கை நீட்டினார்.

“இல்லை அண்ணை, இதை நான் வைச்சிருக்கிறன்.”

இன்றும் அது என் பர்சுக்குள் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதில் எனக்கு அண்ணையின் முகம்தான் தெரிகிறது.